வலது பக்கக் கண்ணாடி

அந்தக் கண்ணாடி அமெரிக்காவிலிருந்து வந்தது. கைக்குழந்தையைப் படுக்கவைக்கிற அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகள், அவற்றுக்கு நடுவில் கறுப்புக் கூட்டோடு ஒரு காரின் வலது பக்கக் கண்ணாடி. என் மாமனார் பெட்டியைக் கூடத்தில் வைத்து, கத்தரிக்கோலால் டேப்பை மட்டும் நறுக்கி, அட்டை கிழியாமல் பிரித்தார். அனுப்பிய என் கணவர் ஏதாவது இரண்டு வரி எழுதிப் போட்டிருப்பாரோ என்று நான் பிளாஸ்டிக் பைகளைக்கூட உதறிப் பார்த்தேன். பில் இருந்தது. பில்லில் அவருடைய பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

காரும் நானும் அந்த வீட்டுக்கு ஒரே வருஷத்தில் வந்தவர்கள். கணவர் சென்னையில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கார் அது; அமெரிக்கக் கம்பெனி ஒன்று இங்கே வந்து விற்றது. கல்யாணமான சில மாதங்களில் அவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. விசா பேப்பர் ரெடியானதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, காரையும் என்னையும் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். செங்கல்பட்டில் அந்தப் பெரிய வீட்டில் மாமாவும் நானும்தான். அவர் பத்திரப்பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மதுராந்தகத்தில், என் அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், எனக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொன்னார்கள். எந்த நேரமும் விசா வந்துவிடும் என்று நான்தான் வேண்டாமென்றேன். மூன்று வருஷம் போயிற்று. விசா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். முதலில் மாமா பேசுவார். பேச்செல்லாம் காரைப் பற்றித்தான்: பேட்டரி எப்படி இருக்கிறது, டயரில் காற்று அடித்தீர்களா, ஆயில் மாற்றினீர்களா. அப்பாவும் பிள்ளையும் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என் முறை. "சாப்பிட்டியா? அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கறியா?" குடுக்கறேன் என்பேன். "பேப்பர் என்னாச்சு?" என்று கேட்பேன். "ப்ராசஸ்ல இருக்கு" என்பார். அதற்குமேல் கேட்டால் அவருடைய போன் கார்டில் காசு தீர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அது எப்படி அந்த இடத்திலேயே தீர்ந்துபோகும் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

ஓடாமல் நின்றால் வண்டி கெட்டுவிடும் என்று மாமா மாதத்துக்கு ஒரு தடவை காரை வெளியே எடுப்பார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம்; கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பல். அப்படி ஒருநாள் சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில், எதிரே வந்த வேன் ஒன்று உரசிக்கொண்டு போனதில் வலது பக்கக் கண்ணாடி கூட்டோடு பெயர்ந்து விழுந்தது. வேன்காரன் நிற்கவேயில்லை, கட்டையில் போறவன். பட்டறையிலிருந்து ஒருவர் உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்து துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். "உசுரு தப்பிச்சுதே நைனா, அத்தப் பாரு" என்றார். அன்றைக்கு நாங்கள் கடற்கரைக்குப் போகவில்லை.

மறுநாள் மாமா அந்தத் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். நானும் போனேன், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். அந்தக் கடைக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. அறுந்த பெல்ட், தேய்ந்த பிரேக் ஷூ என்று ஆளுக்கொன்றைக் கவுண்டர்மேல் போட்டு, "இதே மாதிரி" என்பார்கள். கடைக்காரர் எங்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "டூப்ளிகேட் இப்பவே கீது சார். ஒரு வருசம் தாங்காது, நானே சொல்லிட்றேன். ஒரிஜினல் வோணும்னா கம்பெனிலேர்ந்து வரணும்" என்றார். மாமா ஒரிஜினலுக்குச் சொல்லிவைத்து அட்வான்ஸும் கொடுத்தார். எப்போது வரும் என்று நான் கேட்டேன். "வந்துகினே கீதுன்னு வெச்சுக்கம்மா" என்றார் அந்த மனுஷர். எனக்கு என் கணவர் ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கேட்டதும் கணவர் போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "அந்தக் கடைக்காரனையெல்லாம் நம்பாதீங்கப்பா. டூப்ளிகேட்டை ஒரிஜினல் டப்பாவுல போட்டுக் குடுப்பான். இங்க இன்டர்நெட்ல ஆர்டர் போட்டா அசல் பொருள் வாசலுக்கே வந்துடும்." எந்த வருஷத்து மாடல், என்ன கலர், எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று வருஷத்தில் அவர் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டதில்லை. சிரிக்காதீர்கள், எனக்கு அந்தக் கண்ணாடிமேல் பொறாமையாக இருந்தது.

பெட்டி வந்ததும் மெக்கானிக் வந்து மாட்டினார். ஸ்க்ரூ எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். எங்கள் காரின் பின்கதவும் அதன் கைப்பிடியும்தான் தெரிந்தன. மேலே திருப்பினார், கீழே திருப்பினார், எந்த மட்டுக்குத் திரும்புமோ அந்த மட்டுக்குத் திருப்பினார். ரோடு தெரியவில்லை. என்னதான் கோளாறு என்று பார்க்க நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் இருந்த தெரு மொத்தமும் எனக்குத் தெரிந்தது: டீக்கடை, சைக்கிள், படுத்திருந்த மாடு. "மாமா, எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். "அங்கெல்லாம் ஓட்டறவன் அந்தப் பக்கம்தானேம்மா உக்காருவான். அவனுக்குத் தெரியற மாதிரி செஞ்சிருக்காங்க" என்றார். இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டே, "இவனும் அந்தப் பக்கம் உக்காந்து பழகிட்டான்" என்றார்.

பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. அசல்தான், தரமானதுதான். கடையில் வாங்கியதாக இருந்தால் மறுநாளே கொண்டுபோய்க் கவுண்டர்மேல் வைத்து, இது ஒரு பொருளா, நீயெல்லாம் ஒரு கடைக்காரனா என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார். கடல் தாண்டி வந்த பெட்டியிடம் என்ன சண்டை போடுவது? அப்போது எனக்கு இல்லாமலிருந்ததும் அதுதான், எதிரே நின்று சண்டை போட ஓர் ஆள். இப்போது என்னுடன் வேலை பார்ப்பவர்கள் வைப்பர் ப்ளேடுகூட போனிலேயே வாங்குகிறார்கள். விலை குறைவு, வீட்டுக்கே வருகிறது, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக்கூட எடுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். பைத்தியம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

அடுத்த ஞாயிறு, கண்ணாடி பொருந்தியதா என்று மகன் கேட்டதற்கு, "அச்சா பொருந்திடுச்சுப்பா" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்த காரை மாமா வாராவாரம் எடுக்க ஆரம்பித்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ் வருது மாமா, விட்டுடுங்க. இப்போ ஒண்ணும் இல்ல, திருப்பலாம். பின்னால் என்ன என்று அவர் கேட்பார். "எருமை" என்பேன். "ஓவர்டேக் பண்ணுமா?" என்பார். அவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சில நாள் மாமல்லபுரத்தோடு நிற்காமல் கடப்பாக்கம் வரை போவோம். இடிந்த கோட்டைச் சுவர் பக்கம் நின்று, வலை உதறுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருவோம். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் ஒரு வாரத்தில் யாராவது என்னிடம் கேட்டு, நான் பதில் சொன்ன வார்த்தைகள் என்றால் அவை காருக்குள் பேசியவைதான். ஒரிஜினலுக்குச் சொல்லிவைத்த கடைக்காரர் என்ன சொன்னார் என்று நான் அவ்வப்போது கேட்பேன். "இன்னும் வரலையாம்" என்பார் மாமா. நான் அந்தக் கடைக்காரரை வாயார வைவேன். மாமா கியரை மாற்றுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேட்டரி, டயர் எல்லாம் முடிந்த பிறகு, மாமா என்னிடம் தரவில்லை. ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, "மருமகளுக்குப் பேப்பர் போட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். ம் என்றார். மறுபடி ம் என்றார். "இனிமேலுமா?" என்று கேட்டார். அப்புறம் மெதுவாக, "சரி" என்று சொல்லி போனை வைத்தார்.

"அவன் பேப்பரே போடலம்மா. போடற எண்ணமும் இல்லையாம்."

எனக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. கோயில் வாசலில் விட்ட செருப்பு மாதிரி மூன்று வருஷம் கிடந்திருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. மாமா எனக்கு நேரே நின்று, அந்தப் பள்ளிக்கூட வேலையை மறுபடி கேட்டுப் பார், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "என்னைப் பாத்துக்கறதுக்கா உன்னைக் கட்டிக் குடுத்தாங்க?" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

அந்த வாரமே போனோம். மதுராந்தகம் வரை லாரியும் பஸ்ஸும் பின்னாலேயே நெருக்கிக்கொண்டு வந்தன. நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏரிக்கரை தாண்டியபோது மாமா எதுவும் கேட்கவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் சாப்பிட உட்காரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், என் பெட்டியை உள்ளே வைத்தார், கிளம்பினார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு தூரமும் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் போகப்போகிறார்.

டைரக்டரியில் நம்பரைத் தேடி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டேன். வந்த கோபத்தையெல்லாம் அந்தக் கடைக்காரர் தலையில் கொட்டினேன். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இத்தனை மாதமாக ஒரு கண்ணாடியைத் தருவிக்க முடியவில்லையா, ஒரு பெரியவர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன்.

"இன்னாம்மா இது. அது வந்து எத்தினியோ மாசமாச்சே. சாரு வந்து பாத்தாரு. இங்கியே இருக்கட்டும், இப்போ வோணாம்னுட்டாரு."

"ஏன்?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். பக்கத்துல எம் மருமவ ஒக்காந்து சொல்லிகினு வருது, அது போதும்னாரு."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா உள்ளேயிருந்து யார் என்று கேட்டாள்.

"அம்மா, லைன்ல கீறியா?"

"இருக்கேன். அந்தக் கண்ணாடியை அவருக்கு மாட்டிக் குடுத்துடுங்க."

"சாரு வோணாம்னாரேம்மா."

"இனிமே வேணும்" என்றேன்.