விமானக் கூரையில் முட்டிய தண்டல்

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். கடலில் அவருக்குப் பயம் என்பதே கிடையாது. ஊருக்கெல்லாம் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருப்பேன். எழுபதுகளில் ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோன பிறகு, மூன்றாவதற்கு ஐந்து மாதம் தாண்டியிருந்தது. மெட்ராஸில் என்னைப் பார்த்த டாக்டரம்மா, ரயிலில் குலுங்கிக்கொண்டு ஊருக்குப் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே வேலை பார்த்த என் அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் மதுரை வரைக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். குலுங்காமல் போகலாமாம்.

பணிப்பெண் வந்து எங்களுக்கு பெல்ட் மாட்டிவிட்டுப் போனாள். அவள் நகர்ந்ததும் இவர் தன்னுடையதை அவிழ்த்தார், என்னுடையதையும் அவிழ்த்தார். கடலில் யாரும் உடம்பைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள், தோணி கவிழ்ந்தால் கட்டிக்கொண்டவன் அதோடு போக வேண்டியதுதான் என்றார். பிள்ளை இருக்கிற வயிற்றை வார் போட்டு இறுக்குவார்களா என்று கோபம் வேறு. தண்டலிடம் வாதாட முடியுமா? விமானம் கிளம்பும்போது அவர் கண்ணை மூடி ஜெபம் சொன்னார். அந்த நேரத்தில் சத்தம் வராமல் மறுபடி மாட்டி, முந்தானையால் மூடிக்கொண்டேன்.

மதுரை நெருங்கும்போது விமானம் ஆடத் தொடங்கியது. இவர் தோணியில் நிற்கிற மாதிரி காலை அகட்டி எழுந்தார். என்னைப் பிடித்துக்கொள்ளத்தான் எழுந்தார். அதே நொடி விமானம் கிணற்றில் விட்ட வாளிபோல் இறங்கியது. அவர் மேலே போய்க் கூரையில் முட்டி, நடைவழியில் விழுந்தார். நெற்றி கிழிந்து, வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். உள்ளே பிள்ளை உதைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ எப்படி விழவில்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்டார்கள். சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று பொய் சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்றிய பெல்ட்டை நாமே அவிழ்த்துவிட்டோமே என்று அவர் உள்ளுக்குள் நொந்துபோவார் என்று பயம்.

துறைமுகத்தில் ஒரே கேலி. கடலில் விழாத மனுஷன் ஆகாயத்தில் விழுந்துவிட்டாராம். ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். கல்யாணமாகி அத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. மீனில் முள் எடுத்து நான்தான் ஊட்டிவிட வேண்டும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எலும்பு மெதுவாகவே கூடட்டும் என்றுகூட வேண்டியிருக்கிறேன்.

கட்டுப் பிரித்து, அவர் மறுபடி தோணி ஏறுகிற காலையில் பொய்யை அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெல்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கைலியை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"தெரியும்ளா. மேல போய் முட்டுனப்ப ஒன்னத்தான் தேடுனேன். முந்தான வெலகி பெல்ட்டு தெரிஞ்சுது. இவளாவது என் பேச்சக் கேக்காம இருந்தாளேன்னு ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டேதான் கீழ விழுந்தேன்."