முதல் பீரியடை மாற்றிய கனி சார்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. திண்டுக்கல் போய்த் திரும்பிய மண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏனுங்க ஐயா, உங்களுக்குச் சேதி வரலீங்களா? கனி சார் காலையில தவறிட்டாருங்க. சாயந்தரம் அடக்கமுங்க" என்றார். காய்கறிப் பையை அவர் கடையிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கனி சாரை அறிந்த உங்களுக்கு அவருடைய கோபத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் அடுத்தவரை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடமாட்டார். கரும்பலகையில் அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன், ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல் உயர்நிலைப் பள்ளியொன்றில் அவர் தலைமையாசிரியர், நான் தமிழாசிரியர். இந்தக் குறைகளையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டவன் நான். ஆனாலும் பிள்ளைகளைத் தேறவைப்பதில் அவரைப் போல ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

அந்நாளில் எல்லாப் பள்ளிகளையும் போல எங்கள் பள்ளியிலும் முதல் பீரியட் கணக்கு. காலையில் மூளை தெளிவாக இருக்குமாம். தாமதமாக வருகிற பையன் அந்தப் பீரியட் முடிந்து மணியடிக்கும் வரை வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். பிள்ளைகள் தூங்கினாலும் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தார்களோ என்னவோ, சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் எப்போதும் தமிழுக்கு!

ஓராண்டு பத்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கிராமத்துப் பிள்ளைகள் பலர் கணக்கில் தேறவில்லை. அவர்களை அங்கேயே நிறுத்திவிடச் சொன்னார் தாளாளர். மேலே விட்டால், பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் விழுந்து பள்ளியின் பெயர் கெடும் என்பது அவர் பயம். அப்படி நிறுத்தப்பட்டவன் மறு வருஷம் பள்ளிக்கு வருவதில்லை. 'படிச்சுக் கிழிச்சது போதும்லே, காட்டு வேலையப் பாரு' என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். படிப்பு அதோடு சரி.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கனி சார் அந்தப் பிள்ளைகளின் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் சின்னச்சாமி என்ற பையனின் தாளை என்னிடம் நீட்டினார்.

"தமிழய்யா, இதப் பாருங்க. இவன் தப்பாப் போடலை. பாதியைப் போடவே இல்லை. போட்டது அம்புட்டும் மார்கழி, தை மாசத்துல நடத்துன பாடம். அந்த ரெண்டு மாசம் மட்டும் இவனுக்கு எங்கிருந்து மூளை வந்துச்சு?"

எனக்கும் புரியவில்லை. பையனையே கூப்பிட்டுக் கேட்டார். அவன் அடி விழப்போகிறது என்று நினைத்துச் சுவரோரமாக நின்றான்.

"பனிக்காலத்துல மல்லிகை வராது சார். வெள்ளனே வந்துருவேன்."

"மத்த மாசம்?"

"விடியுமுன்ன பூப்பறிச்சு, டவுனுல கமிஷன் கடையில போட்டுட்டு வர நேரமாயிரும் சார். வெளியதான் நிப்பேன்."

மற்றத் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் பூப்பறிக்கும் வீட்டுப் பிள்ளைகள். எல்லாத் தாளிலும் பனிக்காலத்துப் பாடம் மட்டும் சுத்தமாக இருந்தது. கனி சார் தாள்களை ஒன்றாக அடுக்கினார். பிறகு, "இவங்க ஃபெயிலாகலை தமிழய்யா. நாமதான் வாசல்ல நிக்கவச்சு ஃபெயிலாக்கியிருக்கோம்" என்றார்.

நேரே தாளாளரிடம் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லாரையும் மேல அனுப்புறேன். கணக்கை மத்தியானத்துக்கு மாத்துறேன். எவனும் இனி வெளிய நிக்கமாட்டான்."

"லேட்டா வர்றவனுக்கு இம்புட்டு இடம் குடுத்தா, நாளைக்கு எவன் நேரத்துக்கு வருவான்?"

"லேட்டா வந்தவன் வராதவன் இல்லீங்க. ரிசல்ட் விழுந்தா இந்த நாற்காலிய நானே விட்டுடுறேன்."

சொன்னால் செய்துவிடுகிற மனிதர். மூன்று பெண்பிள்ளைகள், வாடகை வீடு. ஒரு வருஷம் பார்ப்போம் என்று தாளாளர் விட்டுக்கொடுத்தார்.

கணக்காசிரியர் குதித்தார். "சோத்தத் தின்னுட்டுக் கண்ணு சொருகுற நேரத்துல அல்ஜீப்ராவா சார்?"

"தூங்குறவனை உசுப்பிடலாம். வெளிய நிக்கிறவனுக்கு எப்படி நடத்துவீங்க?"

முதல் மாதம் மத்தியானக் கணக்கைக் கனி சாரே எடுத்தார். எவனையும் உட்கார்ந்தே இருக்கவிடவில்லை. கண் சொருகுகிறவன் எழுந்து வந்து பலகையில் கணக்குப் போடவேண்டும், இன்னொருவன் வந்து அதில் தப்புக் கண்டுபிடிக்கவேண்டும். வகுப்பில் சந்தைக்கடைச் சத்தம். ஆனால் ஒருவனும் தூங்கவில்லை.

காலைப் பீரியட் எனக்கு வந்தது. "இத்தனை வருசமாத் தூங்குறவங்களுக்கே பாடம் நடத்திட்டீங்க. முழிச்சிருக்கவங்களைச் சமாளிப்பீங்களா?" என்று கேலி செய்தார். கூடவே ஒன்று சொன்னார்: "முதல் கால் மணி நேரம் பழைய செய்யுளைச் சொல்லவைங்க. பூக்காரப் பிள்ளைக வந்து உக்காரட்டும். அப்புறம் புதுப் பாடம்." மல்லிகை வாசத்தோடு அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, செய்யுளின் பாதியில் சேர்ந்துகொள்வார்கள்.

அடுத்த ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. நிறுத்தப்பட இருந்த அத்தனை பேரும் கணக்கில் தேறியிருந்தார்கள். நாற்காலி தப்பியது. சின்னச்சாமி மட்டும் கணக்கில் நல்ல மார்க் வாங்கிவிட்டு இங்கிலீஷில் கவிழ்ந்திருந்தான்! தாளாளர் ஆளனுப்பி மிட்டாய் கொடுத்தார். அதைத் தொடாமல் கனி சார் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் மிதித்தேன்.

சின்னச்சாமியின் அப்பா தோட்டத்தில் இருந்தார். "எல்லாப் பயலும் பாசாயிட்டான். இவனுக்குக் குடுப்பினை இல்ல சார், விடுங்க" என்றார்.

"அப்பு, லேட்டா வந்தவன் வராதவன் இல்ல. செப்டம்பர்ல திரும்ப எழுதலாம். இவனை எங்கிட்ட விடுங்க."

அன்று முதல் சாயங்காலங்களில் சின்னச்சாமிக்கு இங்கிலீஷ், கனி சார் வீட்டில். செப்டம்பரில் தேறினான். இன்று திண்டுக்கல்லில் அவனே பூக்கமிஷன் கடை வைத்திருக்கிறான். பூ கொண்டுவரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அவன் கடையில் முதல் எடை.

நான் ஏறிய பஸ் ரெட்டியார்சத்திரத்தில் டயர் வெடித்து நின்றது. வேறு வண்டி பிடித்துக் கபர்ஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கடைசி முகத்தைக் கூடப் பார்க்கவில்லையே! உள்ளே போக மனம் வராமல் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

கூட்டத்திலிருந்து சின்னச்சாமி ஓடிவந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஐயா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"எல்லாம் முடிஞ்சுபோச்சேப்பா. நேரமாயிருச்சு."

"லேட்டா வந்தவன் வராதவன் இல்லைன்னு யாரு சொன்னது? வாங்கய்யா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மண்வெட்டியோடு நின்றவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். கனி சாரின் மீது மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஒட்டன்சத்திரத்தில் பிள்ளைகள் காய்கறி லாரிக்கு மூட்டை கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். என் வகுப்பில் இன்றைக்கும் முதல் கால் மணி நேரம் பழைய செய்யுள்தான். கடைசிப் பிள்ளையும் வந்து உட்கார்ந்த பிறகே புதுப் பாடம். கனி சாருடையதாக என்னிடம் இருப்பது இது.