சிறப்புப் பேச்சாளரை நான்தான் கூப்பிட்டேன்

பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்புப் பேச்சாளர் யார் என்று பேச்சு வந்தபோது, மற்ற ஆசிரியைகள் ஒரு டாக்டரையும் ஒரு தாசில்தாரையும் சொன்னார்கள். நான் மேடைப் பேச்சில் பேர்போன ஒரு பேராசிரியரைச் சொன்னேன். தொண்ணூறுகளின் கடைசி அது. பாளையங்கோட்டையில் அந்தப் பெண்கள் பள்ளியில் நான் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜில்லா முழுக்க அவர் பேச்சுக்குக் கூட்டம் கூடும். தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல்.

"அவரு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருவாரா டீச்சர்?"

நான் கூட்டி வருகிறேன் என்றேன். அவர்மேல் எனக்கு மரியாதை என்று நினைத்தார்கள். மரியாதையாவது, மண்ணாவது. ஆறு வருஷத்துக் கோபம்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டியில் என் அம்மாவைப் பற்றிப் பேசினேன். முக்கூடலில் எங்கள் வீட்டில் அம்மா மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துப் பீடி சுற்றுவாள். எழுத்து தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சீக்கிரம் முடிக்க நடுவில் நாலு வரியை விழுங்கினால், கை நிற்காமலே சொல்வாள்: "ஏட்டி, கண்ணு தாவுது. என்னத்த விட்ட? திரும்பப் படி." இதைத்தான் மேடையில் சொன்னேன். அவர்தான் நடுவர். "வீட்டுக் கதையெல்லாம் மேடைக்கு ஆகாதும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, ஆறுதல் பரிசுகூடத் தரவில்லை.

மறு வருஷம் டவுனில் ஒரு கூட்டத்தில் அவர் பேசக் கேட்டேன். "எழுதப் படிக்கத் தெரியாத என் தாய்..." என்று ஆரம்பித்தார். கண் தாவியது, வரி விட்டது, எல்லாம் வந்தது. சுளகை அப்படியே வைத்துக்கொண்டு, பீடி இலையை எடுத்துவிட்டு அரிசியைப் போட்டிருந்தார். சனம் மூக்கைச் சிந்தியது. அதன் பிறகு அவர் ஏறிய மேடையெல்லாம் அதே கதைதான்.

ஒரு சீப்புப் பழத்தோடு அழைக்கப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "உங்க அம்மா கதையைக் கட்டாயம் சொல்லணும் சார்" என்றேன். "அதைச் சொல்லாம என்னை விடுவாங்களாம்மா!" என்று சிரித்தார்.

யாருக்கும் வேண்டாத நன்றியுரையை நானே கேட்டு வாங்கினேன். கூட்டம் கலைந்துவிடக் கூடாதென்று பரிசளிப்பை அதற்குப் பின்னால் தள்ளினேன். அம்மாவைப் பஸ்ஸில் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை.

அவர் கதையைச் சொன்னார். பிள்ளைகள் அழுதார்கள். அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நன்றியுரைக்கு மைக்கைப் பிடித்தேன். "சார் சொன்னது என் அம்மாவின் கதை. பேச்சுப் போட்டியில் நான் சொன்னேன், சார் நடுவராக இருந்து கேட்டார். சுளகில் இருந்தது அரிசி இல்லை, பீடி இலை. அந்த அம்மா இதோ இருக்கிறார்" என்று அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். தலைமையாசிரியை என் சேலையைப் பிடித்து இழுத்தார். இழுக்கட்டும். பேராசிரியர் சிரிக்கப் பார்த்தார், பிறகு தண்ணீர் கேட்டார்.

அம்மா ஏறி வந்தாள். நாலு வார்த்தை நன்றாக ஏசுவாள் என்று ஆசையோடு நின்றேன். அவளோ அவர் முகத்தைப் பார்த்து, மெய்யாகவே பாவப்பட்டுக் கேட்டாள்.

"ஏன் அய்யா, உங்க அம்மையப் பத்திச் சொல்ல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

நான் மைக்கை அவர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.