வாயைத் திறக்காத வரதாச்சாரி

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. பழைய பாக்டரி வாட்ச்மேன் ஓடி வந்தார். “சார், நம்ம வரதாச்சாரி சார் பூட்டாரு. தூக்கத்திலேயே. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியாம்.” எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அந்த மனிதர் என்றைக்குத்தான் சொன்னார்?

கும்மிடிப்பூண்டி பாக்டரியில் அவர் தொழிலாளர் நல அதிகாரி, நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா; பத்திரிகைக்கு வேடிக்கையாக எழுதிப் பிழைப்பதெல்லாம் பிற்பாடுதான். இருவருக்கும் ஒரே அறை. ஊர் வம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை இவரோடு உட்காரவைத்தார்கள்.

முதலில் அவரும் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். “மெமோ அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சுபோச்சு, ஓய். ஒருத்தனாவது திருந்தினானா? திருவள்ளூருக்கே போய்க் கோயில் மடப்பள்ளியில் எங்க அண்ணாவோட சேர்ந்து கரண்டி பிடிக்கிறேன்” என்று தினமும் புலம்புவார். அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பாதிரியார் சனிக்கிழமைகளில் ஆலோசனைப் பயிற்சி, அதாவது கவுன்சலிங் வகுப்பு, நடத்தினார். நிர்வாகம் இவரை அனுப்பியது. போனவர் வேறு, வந்தவர் வேறு.

“மனுஷனைத் துண்டு போட்டுப் பார்க்கப்படாது, ஓய். தூக்கம், சாப்பாடு, வீடு, பயம், எல்லாம் சேர்ந்துதான் ஷிப்டுக்கு வரது” என்றார். மேஜையைச் சுவரோரம் தள்ளினார். இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். யாராவது வந்தால் கதவைச் சாத்தினார். நான் தயிர்சாதத்தோடு சைக்கிள் ஷெட்டுக்குக் குடிபெயர்ந்தேன்.

ஷெட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். உள்ளே கேட்டதில் ஒரு பருக்கைகூட எனக்குத் தரமாட்டார். மசால்வடை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். வடையைத் தின்றுவிட்டு, “அவன் சொன்னது அவன் சொத்து. நான் வெறும் காவல்” என்றார்.

அப்புறம் ஏழுமலை விஷயம் வந்தது. பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். மெஷின் முன்னாலேயே திரும்பத் திரும்பத் தூங்கி வழிந்தான். வேலையை விட்டு நீக்கச் சொன்னார் மேனேஜர். வரதாச்சாரி அவகாசம் கேட்டு வாங்கி, அவனை அழைத்துக் கதவைச் சாத்தினார். கதவில் காதை வைத்துக் கேட்டேன்; மின்விசிறிச் சத்தம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! நாள் கணக்கில் இதே கூத்து. ஒருநாள் உள்ளே அழுகை கேட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். “காரணத்தைச் சொல்லுங்க, வச்சுக்கறேன். இல்லேன்னா இன்னிக்கே அனுப்பிடுங்க.”

“காரணம் இருக்கு சார். நான் சொல்லப்படாது.”

“அப்ப உங்க வேலையும் போகும்.”

“போகட்டும் சார்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “சொல்லித் தொலையுமேன்! அவனுக்கு ரெண்டு பெண் குழந்தை இருக்கு, ஓய்.”

“எனக்கும்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து பிரஸ் ஷாப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா? “ஏழுமலை, காரணம் கேக்கறார். சொல்றதும் விடறதும் உன் இஷ்டம்” என்றார்.

ஏழுமலை மெஷினை நிறுத்தினான். பிறகு விடுவிடுவென்று மேனேஜர் அறை வாசலுக்குப் போய், நாங்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னான்: “சார், பிரஸ்ல நம்ம கோவாலு வெரலு போச்சே, அன்னிலேர்ந்து ஊட்ல தூக்கமே இல்ல சார். கண்ண மூடினா அந்த மெஷினுதான் வருது. பயந்துகினேதான் நிக்கறேன். ஒரே பேஜாரா கீது. ஆம்பள இத இன்னான்னு சொல்றது? சிரிப்பானுங்களே.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவைத்தே பிழைப்பு நடத்தும் நான்கூட.

“முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா?” என்றார் மேனேஜர்.

“யாரும் கேக்கலியே சார். வரதாச்சாரி சாருதான் கேட்டாரு.”

அவனைப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். வரதாச்சாரி அதன்பிறகு மடப்பள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார்.

சாவுச் செய்தி கேட்டு நான் போனபோது, திருவள்ளூரில் அவர் வீட்டுத் தெரு கூட்டம் கொள்ளவில்லை. ஆரணியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். விடுவேனா, ஒவ்வொருவரிடமும் போய்த் தோண்டினேன். “எப்படிப் பழக்கம்?” “தெரிஞ்சவரு சார்.” அத்தனை பேரும் அதே பதில். எரிச்சலோடு மூலையில் போய் நின்றேன்.

அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டார். “உங்களைப் பத்தி மட்டும் வரவாகிட்டல்லாம் கேட்டுண்டே இருப்பார், ‘அவன் சௌக்கியமா இருக்கானோ’ன்னு. ஏன் அப்படிக் கேட்டார்?”

நானும் ஒரு மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். அதைச் சொன்னால் உங்களுக்கு நல்ல தீனி. வாய்வரை வந்தது.

“தெரிஞ்சவர், மாமி” என்றேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்லும், நான் வெளியே விடாத அந்த ஒரு கதையும்தான். எழுதிப் பிழைக்கிறவனுக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள். இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.