நோம்பிக்குப் போன மாத்திரை

என் மனைவிக்கு மாதவிலக்கு வந்தால் நிற்காது என்று ஆனபோது டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கருப்பையின் உள்தோல் அளவுமீறித் தடித்திருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை, அப்போதும் தடிப்பு குறையாவிட்டால் கருப்பையை எடுக்க நேரும் என்றார் டாக்டரம்மா.

"எடுக்கறதுன்னா நான் வரமாட்டனுங்க" என்றாள் மனைவி, திரும்பும் வழியிலேயே.

மாத்திரை நன்றாகக் கேட்டது. உதிரப்போக்கு நின்றது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள், திருவிழாவுக்கு நாள் அறிவித்தார்கள். மலையாள எல்லையோரம் இருக்கும் எங்கள் எருத்தேன்பதிப் பக்கத்தில் நோம்பி சாட்டினால் பெண்களுக்கு ஒரே கவலை, மாவிளக்கு எடுக்கும் அன்று தூரமாகிவிடக் கூடாது. நாள் தள்ளிப்போட மாத்திரை தேடுவார்கள். என் மனைவி சாப்பிட்டதும் அதே வகை மாத்திரைதான். பக்கத்து வீட்டு அக்கா உறைமோர் கேட்பதுபோல வந்து கேட்டார்.

"உனக்குத்தான் நின்னுபோச்சே புள்ள. ஒரு அட்டை குடு, நோம்பி முடிஞ்சு வாங்கித் தாரேன்."

"எடுத்துக்கங்கக்கா. சாமி காரியத்துக்கு இல்லீன்னு சொல்லுவாங்களா?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. உதிரம் நின்ற பிறகு மாத்திரை எதற்கு? அதற்கப்புறம் அவள் நினைவு வந்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் இல்லை.

மறுசோதனையில் தடிப்பு அப்படியே இருந்தது. டாக்டரம்மா குழம்பிப்போனார். மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"மாத்திரை டெய்லி கழிச்சில்லே சேச்சி?"

"சாப்பிட்டனுங்க."

"எந்நிட்டும் குறையலையே. அப்ப ஆபரேஷனுக்கு டேட் பாக்கலாம்."

மனைவி தரையைப் பார்த்தாள். பெண்கள் நிறைந்த அறைகளில் நான் கதவோரத்தில்தான் நிற்பேன், பேசவே மாட்டேன். அன்றைக்குப் பேசினேன்.

"நோம்பிக்குக் குடுத்துப்போட்டமுங்க."

"எந்தா?"

"மாத்திரையெ. அக்கம்பக்கத்து ஊடுகளுக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டார். "அது சரி, மாத்திரையும் பிரசாதமாயோ!"

மனைவி என்னை முறைத்தாள். "கல்யாணமான நாள்லயிருந்து சபையில வாயத் தொறக்காத மனுசன், இதுக்குத்தான் தொறந்தீங்களா?"

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டார். இது கருப்பையின் ஒரு செல். இதற்குள் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஆள் ஒருவர் இருக்கிறார், ரிசப்டர் என்று பெயர். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் அவர் ஜீன்மேல் போய் உட்கார்வார். ஆனால் தனியாக அவரால் ஒன்றும் ஆகாது. துணைக்குச் சில புரதங்கள் வந்து சேர வேண்டும். எந்தத் துணை சேர்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஜீன் வேலையைத் தொடங்கும் அல்லது நிறுத்தும். ஒரு ஹார்மோன் தோலை வளரச் சொல்கிறது. மாத்திரையில் இருப்பதோ, 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன். அது வராத நாளில் போதும் என்று சொல்ல ஆளில்லை, தோல் வளர்ந்துகொண்டே போகும். உதிரம் நின்றதால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று ஆகாது.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. எங்கள் கல்யாணங்களில் சீர் செய்துவைக்க அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் உண்டு. மனைவியிடம் சொன்னேன்.

"மாப்பிள்ளை வந்து மணவறையில உக்காந்தாச்சு. அருமைக்காரர் வரலீன்னா தாலி ஏறுமா? மாப்பிள்ளைதான் அந்த ரிசப்டரு, அருமைக்காரர்தான் துணைக்கு வர்ற புரதம். நாம அதுக்கும் முன்னாடி, மாப்பிள்ளைய மணவறைக்குக் கூட்டிட்டு வர்ற வண்டியவே வாடகைக்கு உட்டுப்போட்டோம்."

"வண்டி மாத்திரையா?" என்று கேட்டாள்.

"ஆமா."

டாக்டரம்மா இந்த முறை சிரித்தார். "சேட்டன் சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆறு மாசம் இன்னும் தாரேன். ஒரு நாளும் விடக்கூடாது."

அந்த ஆறு மாதமும் மாத்திரை அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. சோறு உண்டதும் நானே எடுத்துக் கையில் கொடுப்பேன். பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குச் சீர் வந்தபோது, நாள் தள்ளிப்போட மாத்திரை கேட்டு மறுபடி அவர் வாசலில் வந்து நின்றார். மனைவி சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. நான்தான் போனேன்.

"இல்லீங்கக்கா. இது அவளுக்கு வைத்தியம். உங்குளுக்கு வேணும்னா டாக்டரைக் கேட்டு வாங்கிக்கங்க."

"அட, நீங்ககூடப் பேசுவீங்களா?" என்றார் அக்கா. கோபமில்லை, வியப்புதான். மறுநாள் எங்களுடனேயே பஸ் ஏறி அதே டாக்டரம்மாவைப் பார்த்தார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த சதையில் தடிப்பு இல்லை. இனி ஆபரேஷன் பேச்சு வேண்டாம், இடையிடையே வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. மனைவி கும்பிட்டுவிட்டு எழுந்தாள், பிறகு திரும்ப உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகமுங்க. மாத்திரைய நிறுத்துனா, அந்தத் துணைக்கு வர்றவங்க தானா வந்துக்குவாங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் கதவோரத்திலிருந்து நகர்ந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.