தெருமுனையில் நின்றவள்

தேனி பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு தாய், வண்டி ஏறப்போன மகனைப் பின்னாலிருந்து கூவி அழைத்தாள். அந்தக் குரலில் எங்கள் அல்லிநகரத்துத் தெரு விரிந்தது. அதன் முனையில் கிறிஸ்டினா நின்றாள்.

எழுபதுகளில் டென்மார்க்கிலிருந்து படிக்க வந்து, எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தங்கியவள். கடைசி வாரம் முழுக்க, அம்மாவோடு வெங்காயம் உரித்தபடி அவளுக்கு ஒரே கேள்வி: "நான் போனா என்னைத் தேடுவீங்களா அக்கா?"

"ஆமா, உன்னயத் தேடி ஊரக்கூட்டி அழுகப்போறேன்! பேசாம உரி, கிறுக்கி" என்று சிரிப்பாள் அம்மா. வந்த கண்ணீருக்கு வெங்காயத்தைச் சாக்குச் சொல்வாள்.

புறப்பட்ட காலையில், பெட்டியோடு தெருமுனை வரை போனவள் நின்றாள். திரும்பவில்லை. முதுகு மட்டும் காத்திருந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன்.

"ஏலே, போறவளப் பின்னால கூப்பிடாத! போற காரியம் வெளங்காது" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் ஏலக்காய் வாசம். வாசல்களில் நின்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிறிஸ்டினா தலை குனிந்து நடந்தாள்.

அன்று அம்மா அடுப்பே மூட்டவில்லை. "சேலை கட்டச் சொல்லிக்குடுத்தேன், கோலம் போடச் சொல்லிக்குடுத்தேன். இதச் சொல்லாம விட்டுட்டேனே" என்றாள்.

பொத்திய வாய்களுக்குள் எங்கள் பிரியம் அத்தனையும் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை என்று மட்டுமே எண்ணிக்கொண்டு அவள் கடல் தாண்டியிருப்பாள்.