மோட்டரில் பிழையில்லை

பொயிண்ட் குக் புறநகரில் அன்றைக்கு அது ஆறாவது வீடு. தாட்சாயினி கம்பனி வானை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். முழங்கால் இரண்டும் வலித்தன. போன கிழமை இங்கே அவள் தன் கையால் புது மோட்டர் போட்ட, வீட்டைச் சூடாக்கும் காஸ் ஹீட்டர் மறுபடியும் நின்றுவிட்டதாம். இந்தக் குளிர்காலத்தில் அவள் செய்த வேலைகளில் இரண்டு மறுபடி பழுதென்று ஏற்கெனவே திரும்பி வந்திருந்தன. மூன்றாவதும் அவள் பிழை என்றால் வானைக் கொடுத்துவிட்டு, இன்னொருவருக்குப் பின்னால் சாமான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

கோழித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றவள் அவள். நாற்பத்தொரு வயதில் பின்னேர வகுப்புக்குப் போய் காஸ் வேலைக்கு லைசென்ஸ் எடுத்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அன்றிலிருந்து ஒரு ஸ்குரூவைக்கூடத் தரையில் வைத்ததில்லை. எல்லாம் பிஸ்கட் டின் மூடியில், கழற்றிய வரிசையிலேயே இருக்கும்.

கதவைத் திறந்த ரஞ்சினி அன்ரி கம்பளியால் போர்த்தியிருந்தார்.

“என்ன பிள்ளை, புது மோட்டர் எண்டு சொன்னீர். புதுசெண்டா ஒரு கிழமைதான் ஓடுமோ?”

“பாப்பம் அன்ரி.”

“வினுஷா வேலையில நிண்டு பத்துத் தரம் போன் அடிச்சிட்டா.” வினுஷா அவரது மருமகள்.

ஹீட்டர் நடை அலுமாரிக்குள் நின்றது. தெர்மோஸ்டாட் சரி. ஃபியூஸ் சரி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு முன்தகட்டைக் கழற்றினாள். தான் பூட்டிய வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் கழலவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வேறெதையோ தவறவிட்டுவிட்டேன் என்றே பட்டது.

தகடு மூடியிருந்தால்தான் ஹீட்டர் வேலை செய்யும். அதற்கென்று உள்ளே ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை விரலால் அமர்த்தி மீட்டரை வைத்தாள். மீட்டர் அசையவில்லை; அந்தச் சுவிட்ச் வேலை செய்யவில்லை. பொத்தானைச் சுற்றி வெள்ளையாய் ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தாள். புளித்த உளுந்து.

“அன்ரி, தோசை மாவை எங்க வைக்கிறனீங்கள்?”

ரஞ்சினி அன்ரி அலுமாரிக்குள் ஹீட்டரின் மேற்பக்கத்தைப் பார்த்தார்.

“இந்தக் குளிருக்கு வேற எங்க பிள்ளை பொங்கும்? ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வழிஞ்சது. துடைச்சனான்.”

“வெளியால துடைச்சிருக்கிறீங்கள்.”

வானிலிருந்து புதுச் சுவிட்ச் எடுத்து வந்து மாற்றி, தகட்டை மூடி, மின்சாரத்தைப் போட்டாள். உள்ளே பர்னரில் நெருப்புப் பிடித்தது. ஆனால் காற்றாடி உடனே சுற்றாது. முதலில் உள்ளே சூடேற வேண்டும். அதற்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. பிறகு காற்றாடி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

தாட்சாயினி சுவரில் சாய்ந்தபடி போனில் ரிப்போர்ட் எழுதத் தொடங்கினாள்.

“அது ஆருக்குப் போகும்?”

“கம்பனிக்கும் வினுஷாவுக்கும்.”

“ஐயோ பிள்ளை, அலுமாரிக்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ மாமி எண்டு அவ எத்தினை தரம் சொன்னவ. சுவிட்ச் பழசாப் போச்சு எண்டு எழுதிவிடும்.”

“பழசெண்டா போன கிழமையே ஏன் பாக்கேல்லை எண்டு கேப்பினம். என்ர வான் போயிடும் அன்ரி.”

ரஞ்சினி அன்ரி கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

“அப்ப உள்ளதையே எழுதும். என்ர பேரை மட்டும் போடாதேயும்.”

“இந்த வீட்டில வேற ஆர் அன்ரி மாக் கரைக்கிறது?”

“அதுவும் சரிதான். வினுஷாவுக்கு முட்டை அவிக்கவே தெரியாது.”

தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. கழற்றிய சுவிட்சைப் படம் எடுத்துச் சேர்த்து, ‘சுவிட்சில் மா வழிந்து காய்ந்திருந்தது. மோட்டரில் பிழையில்லை’ என்று எழுதி அனுப்பினாள்.

வானில் ஏறும்போது ஏழாவது வீட்டின் முகவரி வந்திருந்தது. வானை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைப் போட்டாள். அதைத் திருப்பக் கை எழ இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.